ஏர் டியூப் தகராறு: பிசிபி ஏர்கன்னில் அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

டர்பன் ஜேக்கப்ஸில் லேத் பிடிக்கிறவன் நான். பகலில் ஹைட்ராலிக் சிலிண்டர், பிரஸ் ராம் மாதிரி வேலைகள், சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஏர்கன். சாட்ஸ்வர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும், சில நேரம் டோங்காட் கரும்புத் தோட்டப் பக்கமிருந்தும் ஆட்கள் பிசிபி துப்பாக்கியை (காற்று டியூபில் அழுத்தக் காற்றை முன்பே நிரப்பிவைத்துச் சுடும் ஏர்கன்) துணியில் சுற்றிக்கொண்டு வருவார்கள், வந்து சொல்வது பெரும்பாலும் அதே ஏழெட்டுப் புகார்தான். "அண்ணே, காத்து நிக்க மாட்டேங்குது" என்பதில் ஆரம்பித்து, "டியூப் லேசா வீங்கின மாதிரி இருக்குண்ணே" என்பதுவரை. இவற்றில் பாதி ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) விலையில் தீர்கிறது. மீதிப் பாதியில் கோளாறு டியூபின் உலோகத்திலேயே இருக்கிறது, அதற்கு ரிப்பேர் கிடையாது, டியூபைத்தான் மாற்ற வேண்டும். எது எந்தப் பாதி என்று வீட்டிலேயே பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். சொந்தமாக டியூப் கடைந்து போட்டவர்களுக்கும், கம்பெனி டியூபை எடுத்துவிட்டு நீளமான ஒன்று போட்டவர்களுக்கும் இது முக்கியமாகப் பொருந்தும்.

தொடங்குவதற்கு முன் இரண்டு விஷயம். காற்று உள்ளே இருக்கும்போது எந்தத் திருகையும் தொடாதீர்கள், கேஜ் பூஜ்யம் காட்டினாலும் தொடாதீர்கள். முதலில் ரத்தத் திருகு (ப்ளீட் ஸ்க்ரூ, காற்றை வெளியே விடுகிற சின்னத் திருகு) வழியாக, அது இல்லாத துப்பாக்கி என்றால் பெல்லட் போடாமல் பத்திரமான பக்கம் பார்த்துச் சுட்டுச் சுட்டு, காற்றை முழுக்க இறக்குங்கள். இரண்டாவது, உள்ளே போவது காய்ந்த சாதாரணக் காற்று மட்டும். ஆக்ஸிஜன் சிலிண்டர் கையில் இருக்கிறதே என்று அதிலிருந்து நிரப்பினால் உள்ளே இருக்கும் துளி கிரீஸ் போதும், வெடித்துவிடும். அதே காரணத்துக்காக மோட்டார் ஆயில், மெஷின் ஆயில் எதுவும் டியூபுக்குள் வேண்டாம். ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ், அவ்வளவுதான்.

அறிகுறி: நிரப்பிய அரை மணி நேரத்தில் 10, 15 பார் இறங்குகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது

இது கசிவே இல்லை. வேகமாக நிரப்பும்போது டியூபுக்குள் காற்று சூடாகிறது, ஆறினதும் அழுத்தம் இறங்குகிறது. உள்ளே 45 டிகிரி இருக்கும்போது கேஜ் 200 காட்டினால், 25 டிகிரிக்கு ஆறினதும் அதே காற்று 187 தான் காட்டும். சோதிக்கவும் எளிது. மெதுவாக நிரப்புங்கள், ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள், அப்போது கேஜ் எங்கே நிற்கிறது என்று பென்சிலால் குறித்துவிட்டு மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். அங்கேயே நின்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். இதைக் கசிவு என்று நினைத்து நல்ல ஓ-ரிங்குகளைப் பிடுங்கி, போடும்போது கீறி, நிஜமான கசிவை உண்டாக்கிக்கொண்டு வந்தவர்கள் நிறைய.

அறிகுறி: ராத்திரி நிரப்பினால் காலையில் காலி, அல்லது வாரத்துக்கு 20, 30 பார் போகிறது

சோப்புத் தண்ணீர் எடுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து பிரஷ்ஷால் தடவினால் போதும். 100 பார் அளவில் வைத்துத் தேடுங்கள், முழுக்க நிரப்பித் தேட வேண்டியதில்லை.

*குமிழி நிரப்பும் வாயில் வந்தால்:* ஒருவழி வால்வில் தூசி அல்லது தேய்ந்த ரப்பர். இருப்பதிலேயே மலிவான வேலை. சில நேரம் வேகமாக ஒரு தடவை நிரப்பினாலே தூசி விலகி, வால்வு சரியாக மூடிக்கொள்ளும்.

*கேஜின் அடியில் வந்தால்:* கேஜின் நேர் மரை தானாகக் காற்றைப் பிடிக்காது, அடியில் இருக்கிற வாஷரோ ஓ-ரிங்கோதான் பிடிக்கிறது. டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டே போகாதீர்கள், அலுமினிய மரை கையோடு வந்துவிடும்.

*குழல் வாயில் பலூன் மாட்டினால் அது மெல்ல உப்பினால்:* சுடும் வால்வின் சீட். இதில் டியூபுக்குச் சம்பந்தமில்லை.

*டியூபின் நடுவே இருக்கும் ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து வந்தால்:* ரெகுலேட்டர் (சுடும் வால்வுக்குப் போகும் அழுத்தத்தை ஒரே அளவில் வைப்பது) உள்ள துப்பாக்கியில் அது ரெகுலேட்டரின் மூச்சு ஓட்டை. அதில் காற்று வந்தால் ரெகுலேட்டரின் உள் ஓ-ரிங் போயிருக்கிறது. அந்த ஓட்டையை எப்பாக்சி வைத்து அடைக்கக் கூடாது. ஒருவர் அப்படி அடைத்துக்கொண்டு வந்தார், ரெகுலேட்டரின் அழுத்தமே தாறுமாறாக ஏறி அடுத்த வேலையும் சேர்ந்துகொண்டது.

*டியூபின் முனையை அடைக்கும் பிளக்கின் ஓரத்தில் வந்தால்:* இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் ரப்பர் தகராறும் உலோகத் தகராறும் இங்கேதான் ஒரே முகத்தோடு வரும். முதலில் ஓ-ரிங்கை எடுத்து நகக்கண்ணில் சுற்றிப் பாருங்கள். ஒரே இடத்தில் சின்ன வெட்டு இருந்தால் போடும்போது திருகு ஓட்டையின் பிசிறில் உரசியிருக்கிறது. ஓட்டையின் உள் விளிம்பை நைஸான எமரி பேப்பரால் வழித்து, புது ஓ-ரிங் போடுங்கள். சுற்றிலும் ஓரம் கடித்துத் தின்ற மாதிரி இருந்தால் பிளக்குக்கும் டியூபுக்கும் நடுவில் இடைவெளி அதிகம், காற்று ரப்பரை அந்த இடுக்கில் தள்ளிப் பிதுக்குகிறது. 70 கடினத்துக்குப் பதில் 90 கடினம் போட்டால் சில நேரம் தீரும். ஆனால் முன்னால் இறுக்கமாக இருந்த பிளக் இப்போது ஏன் லூஸானது என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் கீழே வீக்கம் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

புது ஓ-ரிங் போட்டும் அதே இடத்தில் கசிந்தால், டியூபுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓ-ரிங் உட்காரும் இடத்தில் நீளவாட்டில் கோடு இருந்தால் லேசான ஹோனிங்கில் (உள்சுவரைக் கல்லால் தேய்த்து மழமழப்பாக்குவது) போய்விடும். குழி குழியாக அரித்திருந்தால் போகாது, அடுத்த பகுதியைப் படியுங்கள்.

அறிகுறி: காற்றை இறக்கும்போது ஈரம் தெறிக்கிறது, பழுப்புத் தண்ணீர் வருகிறது, அல்லது உள்ளே வெள்ளைப் பொடி

டர்பன்காரர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

கோடையில் நம் ஊர்க் காற்று 28 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டரில் 20 கிராமுக்கு மேல் தண்ணீர் மிதக்கிறது. 200 மில்லி கொள்ளும் டியூபைக் காலியிலிருந்து 200 பாருக்கு ஏற்ற 40 லிட்டர் வெளிக்காற்று வேண்டும், அதாவது கிட்டத்தட்ட ஒரு கிராம் தண்ணீர். அழுத்தின காற்று அந்தத் தண்ணீரை ஆவியாக வைத்திருக்க முடியாது, ஏறக்குறைய முழுதும் துளியாகிவிடும். கொஞ்சம் பம்பிலேயே தங்கும், மீதி டியூபுக்குப் போகும். இது ஒரு தடவைக்கு. ஜோகன்னஸ்பர்க்கில் குளிர்காலத்தில் பம்ப் அடிக்கிறவருக்கு இதில் சிறு பங்கு தண்ணீர்தான் வரும். அங்கே வேறு ஒரு வித்தியாசமும் உண்டு, 1,700 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்திருப்பதால் அதே 200 பாருக்கு அதிக தடவை அடிக்க வேண்டும். அங்கே பத்து வருஷம் நன்றாக இருந்த துப்பாக்கி, சொந்தக்காரர் வேலை மாற்றலாகி உம்ட்லோட்டிக்குக் குடிவந்த இரண்டாம் வருஷம் என் மேஜையில் இருந்தது. பிளக்கைக் கழற்றினதும் உள்ளேயிருந்து தேயிலை நிறத்தில் தண்ணீர் வழிந்தது, வெள்ளைத் துணியில் துடைத்தால் செம்மண் மாதிரி ஒட்டியது. சாதாரண எஃகு டியூப், உள்ளே எந்தப் பூச்சும் இல்லை.

காரணங்களை மலிவிலிருந்து பார்ப்போம்.

கைப்பம்பாக இருந்தால், முதலில் பழக்கத்தை மாற்றுங்கள். 50, 60 அடி அடித்ததும் நிறுத்தி, ரத்தத் திருகைத் திறந்து தண்ணீரை ஊதி வெளியேற்றி, பம்பை ஆறவிட்டுத் தொடருங்கள். மழை நாளில் நிரப்பாதீர்கள். அடுத்தது ஈரம் உறிஞ்சும் வடிகட்டி, உள்ளே இருக்கிற மணிகளை நேரத்துக்கு மாற்ற வேண்டும், மாற்றாத வடிகட்டி இல்லாததற்குச் சமம். அதற்கு மேல், டைவிங் கடையில் நிரப்பிய சிலிண்டர். மூச்சுக்கு விடுகிற காற்று என்பதால் அதை நன்றாகக் காயவைத்துத்தான் நிரப்புகிறார்கள். கடற்கரை ஊரில் இருக்கும் நமக்கு அந்தக் கடைகள் பக்கத்திலேயே இருக்கின்றன, கைப்பம்பில் மூச்சு வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

இனி டியூபைப் பார்க்கலாம். மேலாகப் படிந்த மெல்லிய துரு மட்டும் என்றால் சுத்தம் செய்து, காயவைத்து, சிலிகான் கிரீஸ் மெல்லிசாகத் தடவி ஓட்டலாம், ஆறு மாதத்தில் மறுபடி திறந்து பார்க்க வேண்டும். நகத்தை ஓட்டினால் சிக்குகிற குழி இருந்தால் அந்த டியூபின் ஆயுள் முடிந்தது. "இன்னும் கொஞ்சம் ஹோன் பண்ணி எடுத்துடலாமே" என்று கேட்பார்கள். எடுக்கலாம், சுவர் மெலியும், விட்டம் பெரிதாகும், பிளக்கின் மேல் தள்ளு கூடும். நான் செய்து தருவதில்லை.

அலுமினியத்தில் வெள்ளைப் பொடி வந்தால் அது எங்கே வருகிறது என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் எஃகுத் திருகின் தலைக்கு அடியில் வரும். உப்புக் காற்று, எஃகு, அலுமினியம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். திருகைக் கழற்றி, பொடியைத் துடைத்து, ஓட்டை வட்டமாகவே இருக்கிறதா என்று பாருங்கள். வட்டமாக இருந்தால் திருகில் கிரீஸ் தடவிப் போட்டு, மழைக்காலத்துக்கு ஒரு தரம் பார்த்தால் போதும்.

இந்த இடத்தில்தான் எந்த உலோகம் என்ற கேள்வி வரும், என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கடலோரத்தில் கைப்பம்ப் அடிக்கிறவர் என்றால் ஆனோடைஸ் செய்த 6082-டி6 அல்லது 6061-டி6 அலுமினியம் (எண் கலவையின் பெயர், டி6 அதன் சூட்டுப் பதம்), கொஞ்சம் தடித்த சுவரோடு. 7075 பெயரைக் கேட்டதும் எல்லாருக்கும் ஆசை வருகிறது, ஏனென்றால் வலு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் அதன் டி6 பதத்தில் உப்பு ஈரமும் இழுவிசையும் சேர்ந்தால் வெளியே தெரியாமல் விரிசல் விடும் குணம் இருக்கிறது. டி73 பதம் கிடைத்தால் அந்தக் குணம் வெகுவாகக் குறையும், கூடவே வலுவும் சற்றுக் குறையும். ஸ்டெயின்லெஸ் போட ஆசைப்பட்டால் 316, 304 வேண்டாம், உப்பில் 304 குழி விழும். ஆனால் ஸ்டெயின்லெஸ் என்றால் மிக வலு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள், பதப்படுத்திய மிருதுவான 316 குழாயின் குறைந்தபட்ச ஈல்ட் வலு (உலோகம் நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும் இழுப்பு) 205 மெகாபாஸ்கல்தான், 6082-டி6-இன் 250-ஐவிடக் குறைவு, எடையோ மூன்று மடங்கு. டைட்டானியம் துருவுக்கு மன்னன், விலையும் கடைசலும்தான் கஷ்டம். அதிலும் கிரேடு 2 என்றால் 275 தான், கிரேடு 5 என்றால் 800-க்கு மேல். கடையில் "டைட்டானியம்" என்று மட்டும் சொன்னால் எந்த கிரேடு என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: பிளக் ஒரு நூல் நகர்ந்திருக்கிறது, திருகு ஓட்டை முட்டை வடிவமாகியிருக்கிறது, திருகு சாய்ந்து நிற்கிறது

நிறுத்துங்கள். காற்றை இறக்குங்கள், துப்பாக்கியின் இரு முனைக்கும் நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று இறக்குங்கள். இறக்கின பிறகுதான் மேலே படிக்க வேண்டும்.

24 மி.மீ. உள்விட்டமுள்ள டியூபில் 200 பார் இருந்தால் முனை பிளக்கை வெளியே தள்ளும் விசை 900 கிலோவுக்கு மேல். கையில் பிடித்திருக்கும் ஒரு அடி நீளக் குழாயின் முனையில் ஒரு சின்னக் கார் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிடித்து நிறுத்துவது நாலைந்து சின்னத் திருகுகள்.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி வந்தார், இருபத்தைந்து வயதிருக்கும். சொந்தமாகக் கடைந்த டியூப், பளபளவென்று கறுப்புப் பூச்சு, வேலை பார்க்க அழகாக இருந்தது. "ரெண்டு வாரமா லேசா கசியுதுண்ணே, ஓ-ரிங் மட்டும் மாத்திக் கொடுங்க" என்றார். நான் டியூபைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நான்கு திருகில் மூன்றின் தலைக்குப் பின்னால் பிறை மாதிரி வெள்ளி நிறக் கோடு, பூச்சு இல்லாத வெறும் அலுமினியம் தெரிந்தது. ஓட்டை நீண்டிருந்ததால் திருகுத் தலை நகர்ந்து அந்தப் பிறையைத் திறந்து காட்டியிருக்கிறது. வெர்னியரில் ஓட்டை ஒரு பக்கம் 4.1, இன்னொரு பக்கம் 4.7. அதே கேஜில் இன்னும் 170 பார் இருந்தது. இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் காற்றை இறக்கினோம்.

அதில் என்ன தப்பு என்று சொல்கிறேன், ஏனென்றால் இதே தப்பைத்தான் பலரும் செய்கிறார்கள். டியூப் ஏணி, ஜன்னல் சட்டம் செய்கிற 6063 அலுமினியம், அதன் டி6 பதத்திலேயே குறைந்தபட்ச ஈல்ட் வலு 170 மெகாபாஸ்கல்தான். சுவர் 3 மி.மீ., திருகு நான்கு, அளவு எம்4. 900 கிலோவை நாலாகப் பங்கு போட்டால் ஒவ்வொரு திருகும் 4 மி.மீ. அகலம் 3 மி.மீ. தடிப்புள்ள ஒரு சின்ன விளிம்பின் மேல் 225 கிலோவை வைக்கிறது, அது சதுர மி.மீ.க்கு 19 கிலோ அளவு, 185 மெகாபாஸ்கலுக்குக் கிட்டே. மிருதுவான உலோகத்தில் ஓட்டை நீளத்தான் செய்யும், நிரப்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை. போதாக்குறைக்குத் திருகின் மரைப் பகுதியே டியூபின் சுவரில் உட்கார்ந்திருந்தது, மரையின் முகடுகள் ரம்பம் மாதிரி அறுக்கும்.

சோதிக்கும் வரிசை இப்படி. முதலில் திருகுகளைப் பாருங்கள். வளைந்திருக்கிறதா, தலையில் 12.9 என்ற வலு எண் இருக்கிறதா, அல்லது யாரோ தொலைந்த ஒன்றுக்குப் பதிலாகச் சாமான் கடையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்களா. திருகு மட்டும் வளைந்து, டியூபின் ஓட்டையும் பிளக்கின் மரையும் சரியாக இருந்தால் எல்லாத் திருகையும் ஒன்றாக மாற்றினால் போதும், ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. பிளக்கின் மரை மட்டும் போயிருந்தால் புது பிளக். டியூபின் ஓட்டை 0.1 மி.மீ. நீண்டிருந்தாலும் டியூப் போச்சு. அதைப் பெரிதாகத் துளைத்துத் தடித்த திருகு போடும் வித்தை வேண்டாம், ஓட்டைக்கும் டியூபின் முனைக்கும் நடுவில் மீதி இருக்கிற உலோகம் குறைந்துவிடும். புதிதாகச் செய்யும்போது ஆறு எம்5 போட்டால் ஒவ்வொன்றுக்கும் 150 கிலோ சொச்சம்தான் வரும், அடிவிளிம்பும் அகலம். அதையே எம்4 இடத்தில் கேளுங்கள்.

அறிகுறி: டியூப் வீங்கின மாதிரி இருக்கிறது, வெளிப் பட்டி இறுகிவிட்டது, பிளக் உள்ளே ஆடுகிறது

கண்ணை நம்பாதீர்கள், மைக்ரோமீட்டர் எடுங்கள். காலியாக இருக்கும்போது மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கே இரண்டு திசையில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 30 மி.மீ. வெளிவிட்டமும் 24 உள்விட்டமும் உள்ள அலுமினிய டியூப் 200 பாரில் 0.02, 0.03 மி.மீ. பெரிதாவது இயல்புதான், காற்று போனதும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். நடுப்பகுதி முனையைவிட 0.05 பெரிதாக, காலியிலும் அப்படியே நின்றால் உலோகம் ஒரு தடவை நிரந்தரமாக நீண்டுவிட்டது. அதற்கு மேல் அந்த டியூபை நிரப்ப வேண்டாம், குறைந்த அழுத்தத்திலும் வேண்டாம்.

காரணம் மூன்றில் ஒன்று. அளவுக்கு மேல் நிரப்பியது, சுவர் மெலிந்தது, அல்லது உலோகமே தப்பு. முதலாவதைப் பிடிக்க கேஜை இன்னொரு நல்ல கேஜோடு ஒப்பிடுங்கள், துப்பாக்கியில் இருக்கிற பொத்தான் அளவு கேஜ் 10 பார் பொய் சொல்வது எனக்குச் சாதாரணமாகத் தெரிந்த விஷயம், சிக்கிக்கொண்டால் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லும். இரண்டாவதற்கு, வெளியே மரை வெட்டிய இடத்தின் அடியில் எவ்வளவு சுவர் மீதி என்று கணக்கிடுங்கள், முழுச் சுவரை அல்ல.

மூன்றாவதற்கு ஒரு கணக்கு. மேலே சொன்ன 30, 24 டியூபின் உள்சுவரில் 200 பாருக்கு 91 மெகாபாஸ்கல் இழுப்பு வருகிறது. உலோகத்தின் ஈல்ட் வலுவை அந்த 91-ஆல் வகுங்கள். 6063-க்கு 1.9, 6082-க்கு 2.7, ஹைட்ராலிக் கடையில் கிடைக்கிற ஹோன் செய்த எஸ்டி 52 எஃகுக் குழாய்க்கு 5 அளவில். நான் 3-க்குக் கீழே செய்வதில்லை. 6082-இலேயே உள்விட்டத்தை 22 ஆக்கி 4 மி.மீ. சுவர் வைத்தால் 3.7-க்கு மேல் போகிறது, 250 பார் நிரப்பினாலும் 3-இல் நிற்கிறது. இழப்பது கொஞ்சம் கொள்ளளவுதான், அதை இன்னும் கொஞ்சம் நீளத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

பிவிசி குழாய், செம்புக் குழாய், தண்ணீர் லைன் பித்தளை இவற்றைப் பற்றி யாராவது பேசினால், அவற்றில் 200 பார் என்ற பேச்சே கிடையாது. பிவிசி உடையும்போது வீங்கி எச்சரிக்காது, கண்ணாடித் துண்டு மாதிரி சிதறும்.

அறிகுறி: சுட்டால் டக் என்று சத்தம் மட்டும், காற்று வரவில்லை

கேஜ் வழக்கமான அளவையே காட்டும், ஆனால் உள்ளே அதைவிட அதிகமாக இருப்பதால் சுத்தியல் வால்வைத் திறக்க முடியவில்லை. முதலில் சந்தேகிக்க வேண்டியது சிக்கிக்கொண்ட கேஜை. மறுபடி மறுபடி சுடாதீர்கள், சுத்தியல் ஸ்பிரிங்கை இறுக்கிப் பார்க்காதீர்கள். ரத்தத் திருகில் மெதுவாக இறக்குங்கள். ரத்தத் திருகு இல்லை என்றால் நேராகத் தெரிந்தவரிடம் எடுத்துப் போங்கள், வெயிலில் நிறுத்தின பாக்கி வண்டியில் விட்டுவிட்டு சாமான் வாங்கப் போக வேண்டாம். அப்புறம் டியூபை மேலே சொன்னபடி அளந்து பாருங்கள்.

அறிகுறி: பிளக் கழல மறுக்கிறது

மரையில் பிடிக்கும் பசை போட்டிருந்தால் சூடாக்கிக் கழற்றலாம் என்று எங்கேயோ படித்துவிட்டு கேஸ் டார்ச்சை எடுக்கிறார்கள். டி6 அலுமினியத்தின் வலு அதைப் பதப்படுத்திய சூட்டில் வந்தது. 200 டிகிரியைத் தாண்டச் சூடாக்கினால் அந்த வலு இறங்க ஆரம்பிக்கும், ஆறினாலும் திரும்ப வராது. பார்வைக்கு ஒரு மாற்றமும் தெரியாது. பவுடர் கோட்டிங் அடுப்பும் ஏறக்குறைய அதே சூடுதான், ஆகவே பவுடர் கோட்டிங் செய்த அலுமினிய டியூப் என்று யாராவது கொண்டுவந்தால் நான் ஒதுக்கிவைக்கிறேன். நிறம் வேண்டுமென்றால் ஆனோடைஸ்.

கழற்றுவதற்குக் கொதிக்கும் தண்ணீர் போதும், பத்து நிமிஷம் முக்கிவைத்துத் திருகுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பட்டறை. ஸ்டெயின்லெஸ்ஸில் ஸ்டெயின்லெஸ் மரை என்றால் இரண்டும் ஒன்றோடொன்று பிய்த்துக்கொண்டு ஒட்டிவிடும், அதை யாராலும் நல்லபடியாகக் கழற்ற முடியாது. புதிதாகச் செய்யும்போது பிளக்கை வேறு உலோகத்தில் செய்யுங்கள்.

அறிகுறி: பூச்சில் மயிரிழைக் கோடு

நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பூச்சோடு போய்விட்டால் கீறல். போகாவிட்டால், அதுவும் ஓட்டையிலிருந்து கிளம்பி நீளவாட்டில் ஓடினால், விரிசல். இதில் அடுத்த சோதனை கிடையாது. டியூபை ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் போடுங்கள். குப்பையில் முழுசாகப் போட்டால் வேறு யாராவது எடுத்து நிரப்புவார்கள், அதற்காகத்தான் அறுக்கச் சொல்கிறேன்.

அறிகுறி: டியூப் வாங்கியாயிற்று, என்ன உலோகம் என்று யாருக்கும் தெரியவில்லை

இதையும் அறிகுறி என்றே வைக்கிறேன், மற்ற பலவற்றின் வேர் இது. "நல்ல குவாலிட்டி அலுமினியம்" என்று வெட்டிக்கொடுத்த கடைக்காரரிடம் மில் சர்டிஃபிகேட் கேட்டால் பலர் தேடிக் கொடுப்பார்கள், அதில் உலோகத்தின் எண்ணும் பதமும் வார்ப்பு எண்ணும் இருக்கும். இல்லை என்றால் வீட்டில் இவ்வளவு பார்க்கலாம்.

காந்தம் வையுங்கள். இறுகப் பிடித்தால் எஃகு, 316 என்றால் பிடிக்காது அல்லது லேசாகத்தான் பிடிக்கும். எடை போடுங்கள். 30, 24 அளவில் 300 மி.மீ. துண்டு அலுமினியமானால் 206 கிராம், டைட்டானியமானால் 340 அளவில், எஃகானால் 600. எடை உலோகத்தைச் சொல்லும், பதத்தைச் சொல்லாது. 6063-ம் 6082-ம் தராசில் ஒன்றே.

எஃகுக் குழாயின் உள்ளே விரலை விட்டு நீளவாட்டில் ஒரு மேடு தட்டுப்படுகிறதா பாருங்கள், தட்டுப்பட்டால் வெல்டிங் செய்த குழாய், வேலிக்கும் கேட்டுக்கும் ஆகும், இதற்கு ஆகாது. மடிப்பில்லாத இழுத்த குழாய்தான் வேண்டும். அலுமினியத்திலும் இந்தத் தையல் உண்டு, பலருக்குத் தெரியாது. சாதாரண அச்சில் பிதுக்கின குழாய் அச்சுக்குள் நாலாகப் பிரிந்து மறுபடி ஒட்டித்தான் வெளியே வருகிறது, அந்த ஒட்டு கண்ணுக்குத் தெரியாது. வெட்டின முனையை மழமழப்பாகத் தேய்த்து, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, காஸ்டிக் சோடாக் கரைசலில் கொஞ்ச நேரம் வைத்தால் பல நேரம் நாலு கோடாகத் தெரிந்துவிடும். கோடு தெரிந்தால் அந்தக் குழாயில் செய்ய வேண்டாம். இன்னும் பத்திரமான வழி, பதம் தெரிந்த உருட்டுக் கம்பி வாங்கி நடுவே துளைத்து ஹோன் செய்வது. கடைசல் செலவு அதிகம், ஆனால் நிம்மதி.

எப்போது வெளியே கொடுக்க வேண்டும்

சொந்தமாகச் செய்த எந்த டியூபும் முதல் தடவை காற்றைப் பார்ப்பதற்கு முன் தண்ணீர் சோதனை பார்க்க வேண்டும், வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு. தண்ணீர் அமுங்காது, ஆகவே டியூப் விட்டுக்கொடுத்தால் ஒரு சீறலோடு முடியும். காற்று அப்படியில்லை, காற்றில் சோதிப்பது வெடிகுண்டில் சோதிப்பது. ஹைட்ராலிக் பட்டறைகளில் கை டெஸ்ட் பம்ப் இருக்கும், காற்றுக்குமிழி ஒன்றும் இல்லாமல் நிரப்பிச் செய்யத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். முன்னும் பின்னும் விட்டத்தை அளந்து தரச் சொல்லுங்கள். டைவிங் சிலிண்டர் சோதிக்கும் நிலையங்கள் முத்திரை இல்லாத வீட்டு டியூபைத் தொட மறுக்கலாம், அதில் அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் நீங்கள் நிரப்புகிற பெரிய சிலிண்டரின் சோதனை அவர்களிடம்தான், அதன் மேல் அடித்திருக்கும் தேதி தாண்டியிருந்தால் அதை முதலில் கொடுங்கள்.

பெரிய குழலுக்கு மாற்றும் எண்ணத்தில் பெரிய டியூப் தேடுகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் 2000-ஆம் ஆண்டு ஃபயர்ஆர்ம்ஸ் கன்ட்ரோல் சட்டத்தில் ஏர்கன் என்பது 5.6 மி.மீ.க்குக் குறைந்த குழல், அல்லது 8 ஜூலுக்குக் குறைந்த சக்தி. இரண்டையும் தாண்டினால் அது ஏர்கன் கணக்கில் வராது.

பட்டறைக்கு வரும்போது டியூபைக் காலியாகக் கொண்டுவாருங்கள், ரத்தத் திருகு திறந்தே இருக்கட்டும். கூடவே மில் சர்டிஃபிகேட் இருந்தால் அது, கழற்றின பழைய ஓ-ரிங்குகள், பழைய திருகுகள், நீங்கள் எழுதிவைத்த அளவுகள். பழைய ஓ-ரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு வராதீர்கள், அதில் இருக்கிற வெட்டைப் பார்த்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.